பிலுன்ட் விமான நிலையத்துக் கொடிகள்

போருக்குத் தப்பி அகதிகளாக வந்திருந்த எங்களிடம் எங்கள் குடும்பங்கள் வந்து சேருவதற்கான மனுக்களை அமைச்சர் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டதற்காக, டென்மார்க் அரசாங்கமே விழுந்த கிழமை அது. ஆனால் பிலுன்ட் விமான நிலையத்தில் நின்ற எங்களுக்கு அரசாங்கம் ஞாபகமே இல்லை. அந்த மனுக்களில் என் அறைத்தோழர் யோகலிங்கம் அண்ணையினதும் ஒன்று. அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது மகள் பிறந்திருக்கவில்லை. இன்று தாயும் மகளும் வருகிறார்கள்.

"பிள்ளை என்னட்ட வருவாளோடா?" காலையிலிருந்து இதே கேள்வி.

"படத்தில பாத்திருப்பாள்தானே அண்ணை."

"படத்தில எனக்கு மீசை இருந்தது. ஐயோ, ஏன்டா என்னை வழிக்க விட்டனீ?"

எங்கள் மாலை டேனிஷ் வகுப்பு ஆசிரியை, இங்கலீஸ என்பவர், எங்களைத் தன் காரில் கூட்டிவந்திருந்தார். வரவேற்பென்றால் டேனிஷ்காரருக்குக் கொடி வேண்டும். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட காகிதக் கொடிகள் ஒரு கட்டு அவர் கையில் இருந்தன.

"இந்தாரும் யோகா, பிடியும்."

"வேண்டாம் ரீச்சர். பிள்ளையைத் தூக்க ரெண்டு கையும் வேணும்."

கதவு திறந்தது. அண்ணையின் மனைவியான அக்காவும், அவர் சேலையைப் பிடித்தபடி மகள் வினோதாவும் வந்தார்கள். அண்ணை முழந்தாளிட்டுக் கைகளை விரித்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு விமானம் இரைந்துகொண்டு எழும்பியது. பிள்ளை சேலையை விட்டாள். அண்ணையைக் கடந்து ஓடி, ஆசிரியையின் காலடியில் குந்திக்கொண்டாள்.

"அம்மா, கெதியா வாங்கோ! இங்க குண்டு போடமாட்டாங்கள்!"

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "எங்கட ஊர்ப் பெரியாஸ்பத்திரியில செஞ்சிலுவைக் கொடி. பிளேன் வந்தா அங்கதான் ஓடுவம்."

"அது வெள்ளையில சிவப்புச் சிலுவையெல்லோ அக்கா?" என்றேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"சிலுவை சிலுவைதானே தம்பி!"

நான் டேனிஷில் சொல்லி முடிக்க, ஆசிரியை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொடிக்கட்டு முழுவதையும் அண்ணையிடம் நீட்டினார். "நான் அப்பவே பிடியும் எண்டனான்!"

அண்ணை இரண்டு கையிலும் அள்ளினார். சட்டைப்பையில் ஒன்று, காதில் ஒன்று. வினோதா தலையைத் தூக்கி ஆசிரியையின் வெறுங்கையைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து அவர் மடியில் ஏறினாள்.

"மீசை எங்க அப்பா?"

"வளரும் குஞ்சு. நாளைக்கே வளரும்."

இரண்டு கையிலும் கொடிகளோடு அவளை எப்படித் தூக்கினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் தூக்கினார்.