எங்கள் வடிகால் உரை

முதல் உலகப் போருக்கும் அடுத்த உலகப் போருக்கும் இடையில் என் கணவர் ஆம்ப்ரோஸ் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் பேசியதாகச் சபைப் பதிவில் இருப்பவை இரண்டே வாக்கியங்கள். அதற்கும் நான்தான் காரணம், பெருமைக்காகச் சொல்லவில்லை.

முதல் பதினோரு வருடம் அவர் வாயே திறக்கவில்லை.

"குடை மாட்டுற ஸ்டாண்டுகூட தொட்டா கிறீச்சுங்கும்," என்பாள் அவருடைய அக்கா வினிஃப்ரெட்.

1930இல் ஒரு வடிகால் மசோதா வந்தது. எங்கள் லிங்கன்ஷர் சதுப்பு நிலம் வருஷாவருஷம் மூழ்குகிறது. அதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்பது என் நினைப்பு. ஆனால் பெண்கள் மேலே மாடத்தில் உட்காரலாம், பேச முடியாது. என் வார்த்தைகளாவது ஒருமுறை அந்தச் சபையில் ஒலிக்கட்டும் என்று பதினான்கு பக்கம் எழுதினேன். பார்த்து வாசிப்பது அங்கே அழகில்லை. ஆகவே மனப்பாடம்.

"ஆம்ப்ரோஸ், மதகு பத்தி சொல்லு."

"குளிச்சிட்டிருக்கேன், லெட்டிஸ்."

"குளிச்சுக்கிட்டே சொல்லு. தண்ணிதானே விஷயம்."

"முதல்ல மதகு வருமா, தவளை வருமா?"

"தவளையே கிடையாது!"

"ஐயோ, அது ஒண்ணுதான் ஞாபகம் இருந்துச்சு."

அந்த நாள் வந்தது. எழுந்தார். "பிரபுக்களே," என்றார். பிறகு ஒன்றும் வரவில்லை. தலையைத் தூக்கி மாடத்தில் என்னைத் தேடினார். நான் சத்தமில்லாமல் "மதகு, மதகு" என்று வாயை அசைத்த வேகத்தில் பக்கத்துச் சீமாட்டி பயந்துபோய் இருமல் மிட்டாய் நீட்டினாள்.

"தொண்டையில ஏதாச்சும் சிக்கிடுச்சா?"

"ஆமா. பதினாலு பக்கம்."

கீழே அவர் தொண்டையைச் செருமினார். "பிரபுக்களே, இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் என் மனைவி வீட்டில் சொல்லிவிட்டாள். சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை." உட்கார்ந்துவிட்டார்.

சபை குலுங்கிச் சிரித்தது. கன்னிப் பேச்சை அடுத்துப் பேசுகிறவர் பாராட்டியே ஆக வேண்டும் என்பது அங்கே வழக்கம். கிழட்டு டன்ஸ்கோம்ப் பிரபு எழுந்தார்.

"முப்பது வருஷத்துல இவ்வளவு தெளிவான பேச்சை நான் கேட்டதில்ல. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியாது. ஆனா அவ்வளவையும் கேட்டுட்டு மனுஷன் இன்னும் நின்னு பேசுறாரே, அந்தத் தெம்பையும் பாராட்டணும்!"

பாராட்டு, பேச்சைவிடப் பத்து மடங்கு நீளம்.

மறுவாரம் அச்சான பதிவு வீட்டுக்கு வந்தது. வினிஃப்ரெட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இதுல நீ எழுதினது எது, லெட்டிஸ்?"

"ஒரு வார்த்தைகூட இல்ல."

"அட, இதைப் பாரு. 'என் மனைவி வீட்டில் சொல்லிவிட்டாள்.' நீ பேசினேங்கிறது பதிவாயிடுச்சு! என்ன பேசினேங்கிறதுதான் காணோம்."

ஆம்ப்ரோஸ் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்திருந்தார். தாள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதே. அதுல வேற ஏதாச்சும் மசோதா வருதா பாரு," என்றேன்.

"விலாங்கு மீன் பத்தி ஏதோ..." என்று படித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன செய்ய? நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாம் பக்கம் எழுதும்போது குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.