கடிகாரமில்லாத சிப்

வானதி சிப் வடிவமைப்பவள். வயலில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவிக்கு அவள் செய்த சிப், தன்னுள் தாளம்போல் அடித்துக்கொண்டே இருக்கும் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப ஓயாமல் இயங்கி, சும்மா இருக்கும்போதும் பேட்டரியைத் தின்றது. அதனால் துடிப்பே இல்லாமல், தண்ணீர் மாறினால் மட்டும் விழிக்கும் சிப் ஒன்றைச் செய்தாள்.

"இதைச் சோதிக்க நம்மகிட்ட வசதியே இல்லையேம்மா," என்றார் மேலாளர் பிரபு.

"எங்க வயல்லயே சோதிக்கிறேன் சார்."

நன்னிலத்தில் இருந்த தங்கள் வயலில் பழைய சிப், புதிய சிப் வைத்த இரண்டு கருவிகளையும் அருகருகே நட்டாள். பழையது கதிர் வருமுன்பே நின்றுபோனது. புதியது சம்பா அறுவடை வரை ஓடியது.

பிரபு நேரில் வந்து பார்த்தார். "சிப்புல கணக்குப் போடுற பகுதிக்குக் கடிகாரம் இருக்கட்டும், அதை நம்மகிட்ட இருக்கிற வசதியிலயே சோதிச்சுடலாம். காத்திருக்கிற பகுதியை உங்க வழியில செய்வோம்."

கடிகாரமே வேண்டாமென்று வாதாட நினைத்திருந்த வானதிக்கு, அது நியாயமாகவே பட்டது.