குடைக்குழி

தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுகிறது, அவன் விடுவதாக இல்லை, முட்டிபோட்டு இரண்டு கையாலும் ஈரமணலை வாரி வாரிப் பின்னால் எறிகிறான், ஆழம் போதும் என்று தோன்றியதும் குடைக்கம்பை இறக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறான், நீலமும் வெள்ளையுமாகக் குடை விரிகிறது, அதன் கீழே ஒரு வெள்ளைக்காரக் கிழவி காலை நீட்டிப் படுக்கிறாள், எங்கள் கப்பலில் வந்தவள்தான், தினமும் சாயங்காலம் அவள் அறையைத் துடைத்து, கட்டிலில் துண்டை மடித்து யானை செய்து வைப்பவன் நான், கரையில் பார்த்தால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியாது, சீருடை கழற்றிய என்னைக் கண்ணாடியில் பார்த்தால் சில நாள் எனக்கே தெரியாது, அவள் கிடக்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருந்தது குடை நட்டவனின் முதுகை, கையைக் கழுவ அவன் கடலை நோக்கி நடந்தான், கால் நனையும் முன்பே குனிந்தான், விரல்நுனியால் தண்ணீரைத் தொட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டு விரலை முத்தமிட்டான், அப்போதுதான் நான் அவனை நோக்கி நடக்கத் தொடங்கினேன்.

எத்தனையோ கரைகளில் இறங்கியிருக்கிறேன், எல்லா இடத்திலும் மனிதர்கள் கத்திக்கொண்டே கடலுக்குள் ஓடுகிறார்கள், ஏதோ அவர்கள் வீட்டுக் குளியலறை மாதிரி, குனிந்து தொட்டு, கடலிடம் கேட்டுவிட்டுக் கால் வைப்பது குளச்சலை அடுத்த எங்கள் கரையில்தான், பிள்ளை நடக்கப் பழகியதும் தாய் சொல்லிக்கொடுக்கும் முதல் காரியம் அது, என் அக்கா புளோராவின் புருஷன் ததேயுவும் அப்படித்தான் செய்வார், ததேயு மச்சான், வேறொரு உல்லாசக் கப்பலின் அடித்தட்டில் துணி வெளுக்கிற வேலையில் இருந்தவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தீவில், வரிசையாகத் தென்னையும் தகரக்கூரைக் கடைகளுமாக இருக்கிற இதே ஊரில், கப்பல் அரைநாள் நின்று கிளம்பியபோது அவர் அதில் இல்லை, இறங்கினாரா கடலில் விழுந்தாரா, யாரும் பார்க்கவில்லை என்றார்கள், உடம்பு கிடைக்கவில்லை, ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, பங்குச்சாமியார் வீடு தேடி வந்து, ஒரு பூசை வச்சு அவன் ஆத்துமாவ அனுப்பிருவோம் மகளே என்றார், அக்கா எழுந்து நின்று, உடம்பக் காட்டுங்க சாமி, பொறவு பூசைய வையுங்க என்றாள், கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை ஏது, அதனால் கல்லறைத் திருநாள் அன்று எங்கள் கரையில் மணலில் சின்னக் குழி தோண்டி, காற்று அணைக்காதபடி அதற்குள் மெழுகுதிரி நடுவார்கள், கரை முழுக்க வெளிச்சமாக இருக்கும், அக்கா மட்டும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்வாள், உயிரோட இருக்கவனுக்கு நான் ஏன் திரி வைக்கணும் என்பாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போடுவாள், கப்பலில் என் அடுக்குக் கட்டிலில் படுத்து நான் கண்ணை மூடினால் அந்தச் சட்டைகள் ஒவ்வொன்றும் குடையாக விரிந்து கடல்மேல் போகும், எத்தனை முறை அந்தக் கனவு, அதனால்தான் ஏஜென்ட்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்தத் தீவுக்கு வருகிற கப்பலில் ஏறினேன், கண்டுபிடிக்கவா, தேடியும் இல்லை என்று அக்காவிடம் சொல்லி அவளை ஒருவழியாக அழவைக்கவா, எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

மச்சான் என்று கூப்பிட்டேன், அவர் திரும்பாமலே, அந்தா நிக்கிற வெள்ளைக் கப்பலா மக்கா என்றார், பேருந்து நிலையத்தில் பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி, அடிக்கத்தான் போனேன், கை ஓங்கியதும் உண்மை, அவர் முகத்தைத் தூக்கிக் காட்டினார், அடி என்பதுபோல, அதற்குமேல் கை வரவில்லை, உக்காரு என்றார், உட்கார்ந்தேன், என்னத்துக்கு இப்படிச் செஞ்ச மச்சான், ஒண்ணுக்குமில்ல மக்கா, அடித்தட்டுல வெயிலே கிடையாது, இங்க எறங்கி வெயில்ல உக்காந்தேன், கப்பல் ஊதிச்சு, எந்திக்கணும்னு நெனச்சேன், காலு வரல, நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன், நாளைக்கு நாளைக்குன்னு போய், பொறவு எந்த மூஞ்சிய வச்சுப் பேச, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், தூக்குப் பாத்திரத்தில் சோறும் பயறும், அவர் அவள் பாஷையில் என்னவோ சொன்னார், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாவம் அவளுக்கு ஒன்றும் தெரியாது, குழந்தைக்கு அச்சு அசல் ததேயுவின் நெற்றி, கொடியில் காய்கிற சட்டைகள் என் கண்முன்னால் ஆடின, நான் மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தேன்.

செத்துட்டேன்னு சொல்லிரு மக்கா, அவ திரி வச்சுட்டு வேற ஒருத்தனக் கெட்டட்டும், நல்லா இருக்கட்டும், அதான் ஒனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது என்றார், உனக்குத்தான்யா நல்லது என்று கத்தினேன், கிழவி குடைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள், கப்பல் ஊதியது, நான் ஓடியாக வேண்டும், இல்லையென்றால் நானும் இந்த மணலில் குடை நட வேண்டியதுதான், எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்தார், புளோரா சாளை தின்னுதாளா என்று கேட்டார், இதென்ன கேள்வி, அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சாளைமீன் பிடிக்காது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிடிக்காதுன்னு சொல்லுவா மக்கா, முள்ளுக்குப் பயம், கடக்கரைப் பொண்ணு முள்ளுக்குப் பயப்படுதான்னா ஊரு சிரிக்கும்லா, கதவச் சாத்திட்டு நான்தான் முள்ளெடுத்துக் குடுப்பேன், எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், இதைச் சொல்லும்போது மட்டும் அவர் அழுதார், நான் கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

பிறகு கப்பல் போனது, துண்டுகளை மடித்தேன், யானை, அன்னம், மறுபடி யானை, ஒவ்வொன்றிடமும் அக்காவிடம் சொல்லப்போகிற பொய்யைச் சொல்லிப் பார்த்தேன், விசாரிச்சேன் அக்கா, அன்னைக்கே கரையில ஒதுங்கினாராம், அங்கேயே பொதச்சுட்டாங்களாம், சொல்லச் சொல்ல எனக்கே பாதி உண்மையாகிவிட்டது, சில ராத்திரிகளில் கனவில் அந்தக் குழியில் ததேயு மச்சான் படுத்திருக்கிறார், நான் மேலே குடை விரிக்கிறேன், ஒப்பந்தம் முடிந்து கல்லறைத் திருநாள் அன்று காலையில்தான் வீடு வந்து சேர்ந்தேன், கொடியில் சட்டைகள், அக்கா எனக்குப் பிடிக்கும் என்று சாளைக் குழம்பு வைத்திருந்தாள், தனக்கு வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள், பொய்யை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், என் விரல்கள் அதுபாட்டுக்கு ஒரு மீனைப் பிளந்து முள்ளை உருவி, சதையை அவள் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டன, வைத்த பிறகுதான் பார்த்தேன், அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள், மீனை இல்லை, என் கையை, ஒனக்கு யாரு சொன்னா என்றாள், நான் கையை இழுத்துக்கொண்டேன், இருக்கானா, ஆமென்று தலையை ஆட்டினேன், தனியாவா, நான் குனிந்துகொண்டேன், அவள் அந்த மீனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்றாள், தட்டைக் கழுவினாள், கொடியிலிருந்து சட்டைகளை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் அவள் கரைக்குக் கிளம்பினாள், ஊர்ப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள், நான் பின்னாலேயே ஓடினேன், தண்ணீருக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், அக்கா, அவரு சாகல அக்கா, நான் சொல்றது ஒனக்கு வெளங்குதா, எல்லாம் வெளங்குது மக்கா, செத்திருந்தாம்னா எம் புருஷனாவே இருந்திருப்பான், நான் இன்னும் கதவச் சாத்திட்டுத்தான் இருந்திருப்பேன் என்கிறாள், குரலில் அழுகை இல்லை, அழுகிறவன் நான்தான், இரண்டு கையாலும் ஈரமணலை வாரி வாரிப் பின்னால் எறிகிறாள், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுகிறது, அவள் விடுவதாக இல்லை, ஆழம் போதும் என்று தோன்றியதும் மெழுகுதிரியை இறக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறாள், நிற்கிறது, தீப்பெட்டியத் தா என்று என் பக்கம் கையை நீட்டுகிறாள்.