எதிர்ச் சுவரில் ஒரு மீட்டர்

மீட்டர் வைத்தால் தண்ணீர்ப் பணம் மிச்சமாகும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து அவள் புருஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை வீட்டின் அளவைப் பார்த்து ஒரே கட்டணம்தான். குளித்தாலும் அதே தொகை, குளிக்காமல் நாறினாலும் அதே தொகை. தையல்காரருக்கு மீட்டர் வைத்த பிறகு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டதாம். அவர் ஒண்டிக்கட்டை. ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, துவைத்து, மிச்சத்தில் வாசலையும் கழுவிவிடுகிற மனிதர். அந்தக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று அவள் கேட்டாள். கேட்டதோடு சரி.

புருஷனுக்குச் சரக்கு லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. லாரி மேடை ஏறி நிற்கும்; கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பான். கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், காசு நீட்டியிருக்கிறார்கள், ஒருத்தன் கழுத்துச் சட்டையைக்கூடப் பிடித்திருக்கிறான். ஒரு கிலோ இறங்கியதில்லை. அங்கே அவனுக்குத் 'தராசு' என்றே பேர். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

"அளக்காத வரைக்கும்தான் வீண். அளந்து பாரு, தன்னால குறையும்" என்றான்.

உங்க அப்பா படுக்கை நனையறதையும் அளந்து குறைச்சிடுவீங்களா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் சண்டை போடத் தெம்பு ஏது?

மாமனார் படுத்த படுக்கையாகி வெகு நாளாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. எப்போது நனைகிறது என்று அவருக்கே தெரியாது. காலையில் ஒரு விரிப்பு, சாயங்காலம் ஒரு விரிப்பு, சில நாள் போர்வையும் சேர்ந்துகொள்ளும். அங்கே துவைத்த கை இங்கேயும் துவைத்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்தே கிடந்தன. மாமனார் நல்ல மனிதர், கஷ்டமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிக்கொண்டாவது துவைத்திருக்கலாம்.

குழாய்க்காரர் வந்தார். தெருக் குழாய் உள்ளே நுழைகிற இடம் நடைவழிச் சுவர், அங்கேதான் மீட்டரை மாட்ட முடியும் என்றார். மாமனாருடைய அறை வாசலுக்கு நேர் எதிரே. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் கண்ணாடி முகம் தெரியும், எண்கள் தெரியும், நடுவே ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம் தெரியும். வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அது சுற்றும்.

"எனக்கும் பொழுது போகும்" என்று மாமனார் சிரித்தார்.

முதல் பில் வந்தது. பழைய கட்டணத்தைவிட அதிகம். அந்த நடைவழியிலேயே நின்று புருஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கேயோ ஒழுகுது. இல்ல, நீ குழாயைத் திறந்து விட்டுட்டு வேற வேலை பாக்கற."

அன்றைக்கு அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. காலையில் வாயில் போட்ட ரொட்டிதான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"ஆமா, நான் தண்ணியில விளையாடிக்கிட்டு இருக்கேன்! உங்க அப்பா துணிய ரெண்டு வேளையும் அலசறது யாரு? காத்துலயா அலசறது? ஒரு நாளைக்கு நீங்க அலசிப் பாருங்க, அப்புறம் அளக்கலாம்!"

கத்திய பிறகுதான் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். மாமனார் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என்ன மாயமோ, விரிப்புகள் நனைவது குறைந்தது. முதலில் சாயங்கால விரிப்பு காய்ந்து கிடந்தது. அப்புறம் காலை விரிப்பும் லேசாக ஒரு ஓரம் மட்டும். கட்டிலருகே அவள் வைத்துவிட்டுப் போகிற தண்ணீர் ஜக்கு என்னவோ வேலை முடிந்து வரும்போது காலியாகத்தான் இருந்தது. பரவாயில்லை, உடம்பு தேறுகிறது என்று நினைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு டீயை உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்தாள். நன்றாக இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. யோசித்தால் அந்த டீ போய்விடுமே.

அடுத்த பில் சரசரவென்று இறங்கியிருந்தது. புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தையல்காரரிடம் காட்டிவிட்டு வந்தான்.

"நான் சொல்லல? அளந்தா குறையும்னு?"

அந்த வாரமே மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. அவளைப் பார்த்து, இறந்துபோன தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தெருமுனை டாக்டரம்மா வந்து அவர் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது.

"தண்ணியே குடிக்கலையா இவர்? நாக்கு வறண்டு கிடக்கு, யூரின்ல கிருமி இருக்கும்போல. மாத்திரை தரேன். ஆனா தண்ணி உள்ள போகலைன்னா கிட்னி போயிடும், சொல்லிட்டேன்."

"தினம் ஒரு ஜக்கு குடிக்கிறாரே, டாக்டர்."

சொல்லும்போதே அவளுக்கு என்னவோ உறுத்தியது. டாக்டரம்மா போனதும் கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வெளிச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே மட்டும் பச்சைப் பசேலென்று பாசி படிந்திருந்தது.

மாத்திரை வேலை செய்து அவருக்கு நினைவு தெளிந்ததும் கேட்டாள். "மாமா, தண்ணிய ஜன்னல்ல கொட்டினீங்களா?"

அவர் ஒரு நல்ல யோசனையைக் கண்டுபிடித்தவர்போல மெதுவாகச் சொன்னார். "ஜக்கு நிறைய இருந்தா நீ குடிக்கச் சொல்லுவே. கொட்டினா ஒரு ஜக்கோட போச்சும்மா. குடிச்சா அது பத்து வாளியா திரும்புதே. படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நீ என் துணிய அலசும்போதுதான் அந்தச் சிவப்பு பேய் பிடிச்ச மாதிரி சுத்துது."

"தாகம் எடுக்கலையா மாமா?"

"எடுத்துது. அப்புறம் பழகிப்போச்சு. பில்லு குறைஞ்சுதுல்ல?"

அவள் அழுதாள். அவர் தொண்டை காய்ந்து கிடந்த நாட்களில் தான் உட்கார்ந்து டீ குடித்ததை நினைத்து அழுதாள். புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைப் பைக்குள் அந்த பில் இன்னும் இருந்தது.

அவள் டம்ளரை நீட்டினாள். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டார். பார்வை எதிர்ச் சுவருக்குப் போனது. கெஞ்சினாள், அதட்டினாள், பணம் கிடக்கட்டும் மாமா என்றாள். "போதும்மா, போதும்" என்பதற்கு மேல் அவர் நகரவில்லை. அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கு தலைக்குள் ஏறிவிட்டால் இறக்குவது லேசில்லை.

மறுநாள் காலையில் புருஷன் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனான். வைத்த மீட்டரை எடுப்பதில்லை, பழைய கட்டணத்துக்குத் திரும்பவும் வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் ஒரு அட்டையை வெட்டி, மீட்டரின் கண்ணாடி முகத்தை மூடி ஒட்டினான். பிறகு அப்பாவின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

"மீட்டர் நின்னுபோச்சுப்பா."

"நின்னுபோச்சா?"

"ரிப்பேர். எவ்வளவு தண்ணி விட்டாலும் ஏறாது. ஆபீஸ்ல சொல்லிட்டேன், இப்போதைக்கு ஆள் வர மாட்டாங்களாம்."

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேன்."

மாமனார் மகனையே பார்த்தார். அவன் கண்ணால் பார்த்துச் சொன்ன எந்த எடையும் இன்றுவரை தப்பியதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

"அப்ப கொண்டா" என்றார்.

ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதை அவரே வாங்கி, கழுத்தில் வழிய வழியக் குடித்தார். புருஷன் எழுந்து நடைவழிக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றான். அவன் தோள் குலுங்கியதை அவள் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

விடிந்தபோது விரிப்பு, போர்வை, தலையணை எல்லாம் தெப்பமாக நனைந்திருந்தன. அவளுக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. இன்றைக்கும் வேலைக்குப் போக வேண்டும். அங்கேயும் இதே விரிப்புகள்தான். இருந்தாலும் அந்த ஈரத்தைத் தொட்டதும் 'அப்பாடா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நடைவழியில் புருஷன் எதிரே வந்து துணிகளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்தான். அட்டைக்குப் பின்னால் சக்கரம் சுற்றுகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"நின்னுதானே போச்சு?" என்று உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"நின்னேதான் இருக்குப்பா" என்று தராசு கத்திச் சொன்னான்.