இரண்டாவது அழைப்பு

சர்வேயர் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிறர் நிலத்தை அளந்தவர், அளக்கப் போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. தண்ணீரும் சோறும் வீட்டிலிருந்தே போகும். கேட்காமல் வருகிற எதையும் தொடக்கூடாது என்பது அவர் வைத்திருந்த கட்டு.

அப்படிப்பட்டவர் மாநகரத்தில் ஒரு ஹோட்டலின் நான்காவது மாடி அறையில், கட்டில் விளிம்பில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலுக்குக் கீழே தெரு இரைந்துகொண்டிருந்தது.

"அது என்ன, முட்டை போட்டிருக்கா? அடைகாக்கறீங்களே" என்றாள் மனைவி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"நாம வந்தது அவளுக்குத் தெரியுமா?"

"எந்த ஹோட்டல், எந்த ரூம், எத்தனை நாள் எல்லாம் காலையிலேயே சொல்லியாச்சு. 'அப்படியா அண்ணி'ன்னா. அவ்வளவுதான்."

அவள் என்றால் அவருடைய ஒரே தங்கை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்வேயரின் தம்பி கல்யாணத்துக்குச் சமைக்க வந்த மனிதரோடு போய்விட்டாள். சமையல்காரர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் விசாரிக்கவில்லை. வீட்டுக்குள் கரண்டியோடு நுழைந்தவன் பெண்ணோடு வெளியே போனான் என்று ஊர் சிரித்தது. அது போதுமானதாக இருந்தது. "இந்த வாசல்ல அவ கால் படக்கூடாது, அவன் நிழலும் படக்கூடாது" என்று சர்வேயர்தான் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு திடீரென்று அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க." இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் 'பார்க்கலாம்' மறுப்பு இல்லை. அவர்கள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அழைப்பில் யார் வீட்டுக்கும் சாப்பிடப் போகக்கூடாது. முதல் அழைப்பு மரியாதைக்கு, இரண்டாவதுதான் மனதிலிருந்து வருவது என்று அவருடைய அப்பா வைத்த விதி. இரண்டாவது அழைப்பு வந்துவிட்டால், இடி இடித்தாலும் போயாக வேண்டும். தங்கைக்குச் சின்ன வயதில் அதைச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான்.

ஆகவே, பாத்திரம் பண்டம் வாங்க வேண்டும் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு, தங்கை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி மூன்று நாளைக்கு அறை எடுத்தார். ஊரில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. அவள் இன்னொரு தடவை கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அன்று மத்தியானம் மனைவி முழங்கால் வலி என்று அறையிலேயே படுத்துவிட்டாள். சர்வேயர் தனியாகக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். வெள்ளை மேஜைவிரிப்பு, கண்ணாடிக் கதவு, வழவழவென்று பீங்கான் தட்டு. பரிமாறுகிறவர் பெரிய மீசைக்காரர். கேட்டதை வைத்தார், கேட்காத ஒன்றையும் வைத்தார். மூடி போட்ட ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

"இது என்ன?"

"சாப்பிட்டுப் பாருங்க ஐயா."

"நான் சொல்லலையே."

"சொல்லலைதான். உங்களுக்குன்னு வந்தது."

"யார் கொடுத்தது?"

மீசைக்காரர் ஒரு நொடி தயங்கினார். "திறந்து பார்த்தா உங்களுக்கே தெரியும்னு சொன்னாங்க."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. இந்த நகரத்துக் கடைக்காரர்களின் வேலை எல்லாம் இவருக்குத் தெரியும். முதலில் ஓசியில் நாக்கில் தடவுவார்கள், அப்புறம் தலையில் கட்டுவார்கள். இரண்டு விரலால் கிண்ணத்தை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "கேக்காத பொருளை நான் தொடறதில்லை. கொண்டு போங்க." பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் இருந்தது. மீசைக்காரர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் போனார். சர்வேயர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொள்கையைக் காப்பாற்றிய திருப்தியோடு சாப்பிட்டு முடித்தார். மாடிக்குப் போய் மனைவியிடம் சொல்லவும் இல்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் கடைக்குப் போனார்கள். ஐந்து மாடிக் கடை. நகரும் படியைப் பார்த்ததும் மனைவி நின்றுவிட்டாள். "என் கால் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது, இதுல படியும் சேர்ந்து ஓடுதா" என்று சொல்லி, லிப்டைத் தேடிப் போனாள். பாத்திரப் பிரிவில் சர்வேயர் ஒவ்வொரு தட்டாக எடுத்து நகத்தால் சுண்டி, காதருகில் வைத்துக் கேட்டார். விற்கிற பெண் பொறுமையாக நின்றாள்.

"வீட்டுல எத்தனை பேர் சார்? அதைப் பார்த்து செட் எடுத்துத் தரேன்."

தட்டுகள் தங்கை வீட்டுக்குக் கொடுக்கத்தான். ஒரு வயல் எத்தனை அடி கோணியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவருக்கு, தங்கை வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

"ரெண்டும் பொண்ணுங்க" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ளையோட சேர்த்து அஞ்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே பேசக்கூடாதுன்னு விரதம் இருந்தீங்க. நான் எதுக்கு இருக்கணும்?"

அவர் கோபப்படவில்லை. "நம்மையும் சேர்த்து ஏழு. எட்டுத் தட்டாவே கொடும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். ஓரத்தில் நீலக்கோடு போட்ட வெள்ளைத் தட்டுகள். வைக்கோல் வைத்துக் கட்டிய அந்தப் பெட்டியைக் கடை ஆளிடம் கொடுக்க மனம் வராமல், தானே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

போன் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளிக்கும்போதுகூட கைபேசியை வாளிக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துக்கொண்டு குளித்தார்.

"நீங்களே ஒரு தடவை கூப்பிட்டா என்ன? விரல் தேய்ஞ்சிடுமா?"

"கூப்பிட வேண்டியது அவ. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"உங்க அப்பா போட்ட சட்டத்துல நமக்கெல்லாம் வயசாகும்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

அவர் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினார்.

பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்தார்கள். ஊருக்குப் பஸ் ஒரு மணிக்கு. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மீசைக்காரர் எதிரே வந்து, மனைவியைப் பார்த்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. முதல் நாள் அந்தக் கிண்ணத்தை ஐயா திருப்பி அனுப்பிட்டாரு. நான் பேரைச் சொல்லியிருக்கணுமோன்னு மூணு நாளா உறுத்துது."

"எந்தக் கிண்ணம்?"

"ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. சூடா, துணியில சுத்தி. பூசணிக்காயை மிளகு போட்டுக் குழைய வேகவெச்சதாம். அண்ணன் வாசனையிலேயே கண்டுபிடிச்சுடுவாரு, பேர் சொல்ல வேண்டாம்னாங்க. அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தாங்க. நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

மிளகு போட்ட பூசணிக்காய் அவர்களுடைய அம்மாவின் கைப்பக்குவம். அம்மா போன பிறகு தங்கைதான் அதைச் சமைத்துப் போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் அதைச் சாப்பிடவில்லை. வேறு யார் செய்தாலும் வேண்டாம் என்றுவிடுவார். மூடியைத் திறந்திருந்தால் போதும்.

சர்வேயர் சோபாவில் உட்கார்ந்தார். கைபேசியை எடுத்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தானே தங்கையைக் கூப்பிட்டார்.

"நான்தான்" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"நீ வந்தது எனக்குத் தெரியாதும்மா. கடைக்காரன் தந்திரம்னு நினைச்சேன்."

"தெரியும்ணா. உங்க குணம் எனக்குத் தெரியாதா? கிண்ணத்தை வைக்கச் சொன்னதே என் தப்பு."

"இப்ப வரட்டுமா? பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அது நின்றது. "நான் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேன்ணா. போன்ல ஒரு தடவை, கிண்ணத்துல ஒரு தடவை. மூணாவதா கூப்பிடற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாதே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அதே அப்பாவுக்குப் பிறந்தவள்; அதே முதுகெலும்பு.

"அப்ப என்ன செய்யறது?" என்றார். அவர் யாரிடமும் கேட்டறியாத கேள்வி அது.

"நீங்க கூப்பிடுங்க. உங்க வீட்டுக்கு, எங்க ரெண்டு பேரையும். அவரையும் சேர்த்து. நான் ரெண்டாவது அழைப்புக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன்ணா, ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துடறேன்."

'வாங்க' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஊர் வாசல் வந்து நின்றது. தம்பி முகம் வந்தது. சபையில் தான் சொன்ன வார்த்தை வந்தது. கரண்டியோடு நுழைந்த அந்த மனிதருக்கு எந்த இடத்தில் இலை போடுவது என்று மனம் ஒரு நொடி அளந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குமேல் இல்லை.

அவளுக்கு அந்த ஒரு மூச்சு கேட்டுவிட்டது.

"சரிண்ணா" என்றாள் தங்கை மெதுவாக. "பஸ்ஸுக்கு நேரமாயிடும். அண்ணிக்கு ஜன்னலோரமா சீட் போட்டுக் கொடுங்க. போறவங்க வர்றவங்க கால்ல இடிக்க மாட்டாங்க."

போன் அடங்கிவிட்டது.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தட்டுப் பெட்டியை மேலே வைக்கலாம் என்றார் நடத்துனர். சர்வேயர் மடியிலேயே வைத்துக்கொண்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் எட்டுத் தட்டும் உள்ளே மெல்லச் சத்தம் போட்டன. நகரத்தின் கடைசிக் கட்டடமும் பின்னால் போன பிறகு, அவர் வாய் லேசாக அசைவதை மனைவி கவனித்தாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

"போன்ல சொல்லுங்க."

அவர் கைபேசியை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். பெட்டியின் மேல் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி, நிமிர்ந்த முதுகோடு, அந்த மூன்று சொற்களையும் மறுபடி ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.