பெட்டி திரும்பாத வாசல்

"சாய்ச்சிப் புடிப்பா... இந்தாண்ட, இந்தாண்ட!"

வெறும் பெட்டிதான். அதற்கே இந்தப் பாடு. நான்கு பேர் தூக்கி வந்த சவப்பெட்டியின் முன்முனை நடைச் சுவரில் டொக்கென்று இடித்து நின்றது. பின்முனை இன்னும் வாசலுக்கு வெளியே, மே மாத வெயிலில். நிமிர்த்திப் பார்த்தார்கள். தாழ்ந்த கூரை இடித்தது. சுவரின் சிமென்ட் ஓட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று மெர்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஃப்ரீசர் பெட்டியும் இதே இடத்தில் தோற்றுத் திரும்பியிருந்தது. ஐஸ் பாளங்களையும் இரண்டு டேபிள் ஃபேன்களையும் நம்பி ஹாலில் கிடந்தார் அப்பா ஆரோக்கியசாமி. ஆம்பூரில் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் வீடு வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்ட். தெருவுக்குத் தெரு ஷாப்பு இருந்த நாள் அது. வாசலுக்கு நேராக ஹால் இருந்தால் ஊறவைத்த தோலின் நாற்றம் சோற்றுத் தட்டுவரை வரும் என்று, நுழைந்ததும் குறுக்கே ஓர் ஓட்டைச் சுவர் வைத்து, குறுகிய நடையாகத் திருப்பிவிடுவார். காற்று வரும், தூசும் நாற்றமும் பாதி அங்கேயே நின்றுவிடும். ஊர் அவற்றைப் புறாக்கூண்டு வீடு என்று கேலி செய்தது. அலமாரி, கட்டில், மேசை எல்லாவற்றையும் உள்ளேயே சிமென்ட்டால் கட்டிவிட்ட மகராசன், கடைசியில் வெளியே போக வேண்டிய ஒரு சாமானை மட்டும் மறந்துவிட்டார்.

பெட்டியைத் தெருவுக்கே திரும்ப எடுத்துப் போனார்கள். பின்கதவும் உதவாது. பக்கத்து அபார்ட்மென்ட் மதில் அதை ஒட்டி எழும்பியதிலிருந்து ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும்.

தம்பி ஜீவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் கொத்தனார் ராமமூர்த்தி, கையில் சம்மட்டி.

"இன்னாடா இது?" என்றாள் மெர்சி.

"வேற வழி இல்லக்கா. செவுத்த எடுத்துட வேண்டியதுதான்."

மெர்சி போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன்."

அப்பா கட்டியவற்றில் இடிபடாமல் மிஞ்சியது இந்த ஒரு வீடுதான். போன மாதம் அவள் அழைத்து சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிறவர்கள். அளந்தார்கள், படமெடுத்தார்கள். இந்தச் சுவர்தான் வீடே, இது போனால் எங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜீவாவுக்கும் அது தெரியும்.

"அக்கா, பேஜார் பண்ணாத. சர்ச்சுலேருந்து சாமியார் வர்ற நேரம். இந்த வெயில்ல அப்பா இன்னா ஆவாரு, சொல்லு."

"உனக்கு அப்பா மேல அக்கறையா, அந்த பில்டர் மேல அக்கறையா?"

ஜீவாவின் முகம் சுருங்கிப்போனது. இன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மெர்சிக்கே தோன்றியது. ஆனால் பொய்யும் இல்லை. வீட்டை அந்த பில்டருக்கு விற்கலாம் என்று அவன் வாயெடுத்த நாளிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை. அவனும் பள்ளிகொண்டாவிலிருந்து வரவில்லை. நேற்று சாயங்காலம் உயிர் போன பிறகுதான் வந்தான்.

"ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சிக்குங்க," என்றார் எதிர்வீட்டு அதாவுல்லா. அவர் வீடும் அப்பா வரைந்ததுதான். மகன்கள் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். "கையில தூக்கினு போய் ரோட்ல பொட்டில வையுங்க. நாங்க மையத்த கையிலதான் தூக்கி சந்தூக்குப் பொட்டில வெக்கிறோம். அதுல இன்னா கொறச்சல்?"

"எங்கள்ல வழக்கம் இல்ல பாய்," என்றான் ஜீவா. "உள்ள ஜெபம் பண்ணி, பொட்டிய மூடி, தோள்லதான் வாசப்படி தாண்டணும். பொட்டி இல்லாம எடுத்தா அனாதப் பொணம்னு பேசுவாங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். சவுரியம்மாள் அப்பாவின் தலைமாட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவில்லை.

"அம்மா, நீ சொல்லும்மா. இடிக்கட்டுமா?" மெர்சி சுவரைவிட்டு அசையாமல் கேட்டாள். இடி என்று அம்மா சொல்லிவிட்டால் விலகித்தான் ஆக வேண்டும்.

அம்மா சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அவுரு கட்டுனத அவுருக்காவ இடிக்காதீங்க," என்றாள். "தூக்குங்க."

சாமியார் வந்து ஜெபித்து, தீர்த்தம் தெளித்தார். அப்பாவின் அக்குளுக்குள் கைகொடுத்து ஜீவா தூக்கினான். ஆண்பிள்ளைகள் வரட்டும் என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்காமல் காலை மெர்சி பிடித்தாள். நடைக்குள் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை.

திருப்பத்தில் வந்து மாட்டிக்கொண்டது. விறைத்த உடம்பு வளைந்து கொடுக்கவில்லை.

"இரு... இருக்கா. இப்படி வராது. நிமித்தணும்."

"ஐயோ, பாத்துடா!"

ஜீவா அப்பாவை மார்போடு சேர்த்து அணைத்து மெல்ல நிமிர்த்தினான். மெர்சி குனிந்து பாதங்களைத் தரையில் ஊன்றவைத்தாள். கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக, தாடையைக் கட்டிய துணியோடு, அப்பா தன் சுவருக்கு எதிரே நின்றார். தலை ஜீவாவின் தோளில் முட்டி நின்றது.

"இன்னாப்பா... வெயிட்டே இல்லையேப்பா," என்று ஜீவா ஓவென்று அழுதான். மெர்சிக்கும் தாங்கவில்லை. அழுதுகொண்டே இருவரும் அவரை நின்றவாக்கில் திருப்பி, மறுபடி படுக்கவைத்து, வெளியே கொண்டுபோனார்கள். தெருவில் பெட்டி காத்திருந்தது.

சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவைக் கூட்டிவர மெர்சி உள்ளே ஓடினாள்.

அம்மா நடையின் திருப்பத்தில்தான் நின்றிருந்தாள். பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"வாம்மா. மூடப் போறாங்க."

"மெர்சி."

"இன்னாம்மா?"

"என்னிய இப்படி நிக்க வெச்சி திருப்பாதீங்க."

மெர்சி கிட்டே போனாள்.

"நான் பொட்டிலதான் போவணும். எல்லாரும் போற மாதிரி, படுத்தாப்பல." அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி, பெட்டியின் அகலம் பார்த்து, உள்ளங்கைகளை ஓட்டைச் சுவரில் பதித்தாள். "ஜாஸ்தி வாணாம். இங்கேருந்து இங்க வரிக்கும் எடுத்தா போதும்."

தெருவிலிருந்து ஜீவா அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். அம்மா அசையவில்லை. மெர்சி தலையாட்டும்வரை அந்தக் கைகள் சுவரைவிட்டு இறங்கவில்லை.