கூடவே வந்த ஆப்

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு, செக்கிங் டேபிள்மேல் கிடந்த மோகனாவின் போன் தானாக வெளிச்சம் போட்டுக்கொண்டது. 'கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வேலூருக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.' எதிரிலேயே சூப்பர்வைசர் நவநீதன். நல்லவேளை, அவர் ஷூ தைக்கிற தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகனா சட்டென்று போனைக் கவிழ்த்தாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தோல் பார்க்கிறவள் அவள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, எதுவானாலும் கண்டுபிடித்து சில்வர் பேனாவால் வட்டம் போடுவாள். வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் இப்போது புரை. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, மூன்று செவ்வாயாக அரைநாள் பர்மிஷன் வாங்கிப் போய்வருகிறாள். விஷயம் தெரிந்தால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். அட்டைப்பெட்டி மடிக்கவா இத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்தாள்?

ஆனால் பயத்தைவிட ஆச்சரியம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. யாரிடமும் சொல்லாதது இதற்கு எப்படித் தெரிந்தது? பஸ்ஸில் போகும்போது நோண்டிப் பார்த்தாள். 'தினத்துணை' என்று ஓர் ஆப். அவள் போட்டதேயில்லை, போன் வாங்கும்போதே உள்ளே குடிவந்திருக்கிறது. போகிற இடம், பேசுகிற பேச்சு, வருகிற மெசேஜ், எல்லாவற்றுக்கும் அனுமதி. அடேங்கப்பா! யார் கொடுத்தார்கள்? அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடம் பார்க்கும் அனுமதியை நிறுத்தினாள். மறுநாள் அப்டேட் ஆகித் தானே திறந்துகொண்டது. நீக்குகிற பட்டனையே காணோம். காசு கொடுத்து வாங்கியவளுக்குச் சாவி இல்லையாம்.

பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தில்ஷாத்திடம் போனாள். போனைத் தயாரித்த கம்பெனியே வைத்து அனுப்பியது, அதற்கு உங்களைவிட அதிகாரம் ஜாஸ்தி என்று தில்ஷாத் விளக்கினாள். கம்ப்யூட்டரில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் ஒளித்துவைத்துவிடலாமாம்.

"ஒளிச்சு வெக்கிறதா, எடுத்துடறதா?"

"ஒளிச்சா போதும்க்கா, வேலையே செய்யாது. வேரோட எடுக்கணும்னா ரூட் பண்ணணும், போனுக்குள்ள கம்பெனிக்காரன் போட்ட பூட்டையே ஒடைக்கணும். போன்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும். பேங்க் ஆப்பு, கம்பெனி ஆப்புன்னு சிலது அப்புறம் தொறக்காது. பேஜார்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். மோகனா தோல்காரி. தழும்புமேல் பூச்சு அடித்து அனுப்புகிறவர்களோடு பத்தொன்பது வருஷம் மல்லுக்கட்டியவள். ஒளிக்கிறது என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. எடுத்துடும்மா என்றாள். போட்டோக்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரியே போனை வாங்கி, பட்டியலை மேலும் கீழுமாக மூன்று தடவை தள்ளிப் பார்த்தாள். தினத்துணை இல்லை. போன் இன்றைக்குத்தான் தன் கைக்கு வந்தது போல ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் வருகைப் பதிவு ஆப் திறக்கவில்லை. 'இந்த போன் பாதுகாப்பானது அல்ல' என்றது. நேற்றுவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பாகத்தான் இருந்தது! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் வரிசை நீண்டதும் சிரிப்பு போய்விட்டது. நவநீதன் வந்து போனை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ண இத? எதுக்குப் பண்ண?"

வைரஸ் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குக் கண்ணுல புரை சார். நான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறத இதுல இருந்த ஒரு ஆப்பு காட்டிக் குடுக்கப் பாத்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

அவர் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். உள்ளே கூட்டிப்போய் டேபிளில் ஒரு கறுப்புத் தோலை விரித்து, பேனாவை அவள் பக்கம் தள்ளினார். மோகனா குனிந்தாள். கழுத்துப் பக்கமிருந்து வால் பக்கம்வரை மெதுவாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். வயிற்றோரமாகச் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

நவநீதன் குனிந்து பார்த்தார். தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். வட்டத்துக்குள் மயிரிழை போல ஒரு முள் கீறல் இருந்தது.